தாழ்ந்த கூரையின் கீழ் ஒரு பாறை

நெடுவரம்புவிளை,
புதுக்கடை வழி.
8 ஜூலை 2023

அன்புள்ள ராஜகுமாருக்கு,

ராஜையன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் வீட்டுக்காரி நேசபாயின் முழங்கால் வருத்தப்படும். ஆகவே மேற்படி முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். உன் நெஞ்சில் அடைப்பு இருப்பதை உன் மகள் அபிதா போனில் சொன்னாள். நீ எழுதிய கடிதத்தில் கூரையின் சரிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. நெஞ்சைப் பற்றி ஒரு வரி இல்லை.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாதே, எழுது என்று சொல்லியிருக்கிறாய். படத்தில் எந்தக் கட்டடமும் நன்றாகத்தான் இருக்கும் என்பது உன் வாதம். சரி. ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதியவன் நான். பார்க்காத நிலத்துக்கெல்லாம் நான்கு எல்லை சொல்லியிருக்கிறேன். பார்க்கிற கட்டடத்தை எழுதுவதில் என்ன சிரமம்?

நீ கொடுத்த நிலத்தில் வாசகசாலை கட்ட நீ வரைந்த படம் கமிட்டியில் நிறைவேறிவிட்டது. செயலாளர் என்ற முறையில் விளக்கம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. ‘பிரெய்ரி பாணி’ என்றேன். அமெரிக்காவின் நடுவில் பெரிய புல்வெளி உண்டு, அதைப்போல நீண்டு, தாழ்ந்து, தரையோடு படுத்திருக்கும் கட்டடம் என்றேன். மண்ணிலிருந்து தானாக முளைத்ததுபோல இருக்க வேண்டும் என்றேன். தலைவர் பகவதியப்பனை உனக்குத் தெரியாது. நீ ஊரைவிட்டுப் போனபின் சந்தை முக்கில் சிமெண்டுக் கடை வைத்தவர். இந்த ஊரில் எது முளைத்தாலும் அவருடைய சிமெண்டில்தான் முளைக்கிறது. அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஓய் ராஜையன், மாடி எங்க ஓய்? இது என்ன, எரும படுத்துக் கெடக்கா?’ என்று கேட்டார்.

ஆனாலும் நிறைவேறியது. நீ நினைக்கும் காரணத்துக்காக அல்ல. மாடி வைத்தால் எவ்வளவு உயரம் என்ற கேள்வி வரும். எங்கள் சபையின் மணிக்கோபுரத்தைவிட உயர்ந்தால் பாதி ஊருக்கு மனவருத்தம். உங்கள் அம்மன் கோயில் கோபுரத்தைவிட உயர்ந்தால் மறுபாதிக்கு. இரண்டுக்கும் கீழே, யாருடைய கண்ணையும் உறுத்தாமல் கிடக்கும் கட்டடம் ஒன்றுதான் சமாதானம். உன் அமெரிக்கப் புல்வெளி இங்கே மத நல்லிணக்கம் என்று புரிந்துகொள்ளப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டது. நீண்ட சுவர் எதற்கு என்று பொருளாளர் கபிரியேல் கேட்டான். உபயதாரர்களின் பெயர் எழுத என்றேன். குவைத்திலிருந்து திரும்பியவன், இடத்தின் அருமை தெரிந்தவன். சுவரை இன்னும் கொஞ்சம் நீட்டலாமே என்றான். வெளியே துருத்தி நிற்கும் அகலமான இறவாரம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். மழைக்குப் பஸ்ஸுக்கு நிற்க என்றேன். கட்டடக்கலை இவ்வளவு எளிது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நானும் சிகாகோ வந்திருப்பேன்.

பாறையில்தான் சிக்கல் வந்தது. நீ எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். அந்தப் பாணி வீடுகளின் நடுவே குளிர்காயக் கணப்பு இருக்கும், வீடு முழுவதும் அதைச் சுற்றித்தான் எழும்பும், நமக்குக் கணப்பு வேண்டாம், அதன் இடத்தில் நிலத்திலேயே கிடக்கும் அந்தப் பாறை இருக்கட்டும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து படிப்பார்கள், நடு உத்திரங்கள் இரண்டும் பாறையின் தோளில் வந்து உட்காரும், மேலே கண்ணாடி வைத்து வெளிச்சம் இறங்கும் என்றெல்லாம் சொன்னேன். ஒப்பந்தக்காரன் அனீஷ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அதெல்லாம் செரி மாமா. பிரேக்கர் மெஷின் வச்சா ஒரு நாள் சோலி. தறை நெரப்பாயிடும்’ என்றான். மறுநாள் காலையில் மெஷினோடு வந்து நின்றான். கமிட்டி மொத்தமும் அவன் பின்னால் நின்றது.

மக்கா, உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பொய் சொன்னேன். என் தாத்தா காலத்தில் இந்தப் பாறையை உடைக்கக் கல்தச்சர்கள் வந்தார்கள் என்றும், உளி மழுங்கியது என்றும், மூத்தவருக்குக் காய்ச்சல் கண்டு இறங்கவே இல்லை என்றும், பாறையிடம் போய் மன்னிப்புக் கேட்டபின் இறங்கிற்று என்றும் சொன்னேன். அனீஷ் மெஷினைத் தவணையில் வாங்கியவன். தவணை கட்டுகிறவனுக்கு நம்பிக்கை அதிகம். அவன் முகம் மாறியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது பெண் பாறை என்றேன். அந்தி நேரத்தில் பக்கத்தில் செருப்பு போட்டுப் போகமாட்டார்கள் என்றேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய்யில் விவரம் குறைந்தால் யார் நம்புவார்கள்?

மெஷின் திரும்பிப் போயிற்று. பாறை பிழைத்தது. உன் நெஞ்சும் அப்படியே பிழைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ராஜையன்


நெடுவரம்புவிளை,
19 நவம்பர் 2023

அன்புள்ள ராஜகுமாருக்கு,

நீ உன் கையால் எழுதிய கடிதம் கிடைத்தது. பாறைக் கதையை வாசித்துச் சிரித்து, போட்ட தையல் வலித்தது என்று எழுதியிருக்கிறாய். மருத்துவர் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் நான் முன்கூட்டியே வேறு மாதிரி எழுதியிருப்பேன். இனி கவனமாக இருக்கிறேன். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நேசபாய் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். போதகர் உன் பெயரை மைக்கில் வாசித்தார். உனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதைப் போதகரிடம் யாரும் சொல்லவில்லை.

சுவர் எழும்பிவிட்டது. நடைக்கும் இறவாரத்துக்கும் கூரை போட்டாயிற்று, நடுக்கூடம் மட்டும் இன்னும் திறந்து கிடக்கிறது. செங்கல் வரிசைகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் வரும் சாந்தை மட்டும் ஆழமாகச் சுரண்ட வேண்டும், செங்குத்தாக வருவதைச் செங்கல் நிறத்திலேயே நிரப்பி மறைக்க வேண்டும், அப்போதுதான் சுவர் நீளமாகத் தெரியும் என்று எழுதியிருந்தாயே, அதைக் கொத்தனாருக்கு மூன்று விதமாகச் சொன்னேன். தலையாட்டினார். மேற்குச் சுவர் முழுவதையும் இரண்டு வாட்டிலும் ஒரேபோலச் சுரண்டி வைத்துவிட்டார். கேட்டால், ‘ஒண்ண சுரண்டி ஒண்ண விட்டா, பாதில காசு முடிஞ்சு போச்சுன்னு ஆளுவ சொல்லும்’ என்கிறார். மற்ற மூன்று சுவரும் நீ சொன்னபடி. மேற்குச் சுவரை நீ வரும்போது பார்க்காதே. எந்த நேரத்தில் வந்தாலும் அங்கே வெயிலில் கண் கூசும்.

வாசலைப் பற்றி. முகப்பில் வைக்காமல் பக்கவாட்டில் ஒளித்து வைத்திருக்கிறாய். உள்ளே போகிறவன் திரும்பி, தாழ்ந்த நடையில் தலைகுனிந்து நடந்து, அதன்பின் சட்டென்று உயர்ந்த கூடத்துக்கு வந்து, மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்பது உன் ஏற்பாடு. அது அப்படியே வேலை செய்கிறது. பகவதியப்பன் கட்டடத்தை ஒரு சுற்று முழுவதும் சுற்றி வந்தபிறகே வாசலைக் கண்டுபிடித்தார். குனிந்து நுழைந்தார். இருட்டு நடையைத் தாண்டினார். நடுவில் வெளிச்சத்தில் பாறையைப் பார்த்ததும் அவருடைய கை தானாக மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்தது. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. நல்ல கட்டடம் மனிதனை மாற்றும் என்று நீ சொல்வாயே, அதை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, சின்ன விஷயம். பாறையின்மேல் யாரோ ஒரு விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் அது ஆபத்து என்று எடுத்து ஓரமாக வைத்தேன். நாளைக்குச் சரியாகிவிடும். இறவாரத்தின் கீழே இப்போதே ஆட்டோக்கள் நிற்கத் தொடங்கிவிட்டன என்பதுதான் பெரிய செய்தி.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு. நட. படி ஏறாதே; உனக்குப் பிடித்த வீடுகளெல்லாம் தாழ்ந்தவைதானே.

உன் ராஜையன்


நெடுவரம்புவிளை,
24 மார்ச் 2024

அன்புள்ள ராஜகுமாருக்கு,

இத்தனை நாள் கடிதம் எழுதாததற்கு வேலை காரணமில்லை. எழுதினால் நடந்ததையும் எழுத வேண்டியிருக்கும் என்பது காரணம்.

கூரை முடிந்தது. தரையில் நின்று பார்த்தால் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் ஒரு நீளமான கோடு. மழை வந்தால் இறவாரத்தின் விளிம்பிலிருந்து நீர் ஒரே வரிசையாக இறங்குகிறது. ரயில்பெட்டிபோல வரிசையாக வைத்த சன்னல்கள் வழியே வாழைத்தோட்டம் முழுவதும் தெரிகிறது. வாழ்நாளெல்லாம் கார் நிறுத்தும் கட்டடங்களையே வரைந்தேன், என் கட்டடத்தில் மனிதன் ஒருவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில்லை என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய். அந்தக் குறை தீருகிற மாதிரி கட்டடம் வந்திருக்கிறது. இதுவரை எழுதியது உண்மை.

விளக்கை யாரோ ஏற்றினார்கள் என்று சென்ற கடிதத்தில் எழுதினேன். யார் என்று அப்போதே எனக்குத் தெரியும். உன் தங்கை ஞானம்.

நான் அனீஷிடம் சொன்ன கதையை அவன் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவன் அம்மா குளத்தங்கரையில் சொல்லியிருக்கிறாள். ஞானத்திடம் வந்து சேர்ந்தபோது கதையில் கல்தச்சர் செத்துப் பிழைத்திருந்தார். பாறைக்கு ஒரு பெயரும் கிடைத்திருந்தது, காய்ச்சலம்மை. உன்னை ஆப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று ஞானம் அங்கே போய் விளக்கு வைத்தாள். நீ பிழைத்துவிட்டாய். அவ்வளவுதான். காய்ச்சலம்மையின் முதல் அற்புதம் நீ.

அதன்பின் வந்தவர்களை நான் எழுதவில்லை. மகனுக்கு விசா வர வேண்டிய ஒருத்தி. பரீட்சை எழுதும் ஒருத்தி. எங்கள் சபைக்காரிகள் இரண்டு பேர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்ததை நான் பார்க்காத மாதிரி நின்றேன். பாறையில் மஞ்சளும் குங்குமமும். அந்திக்குப் பின் செருப்புகள் வெளியே வரிசையாக நிற்கின்றன. நான் உற்சாகத்தில் சேர்த்த ஒரு வரி அது. மற்றச் சட்டங்களை மக்கள் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

உன் பாணிக்கும் இதில் பங்கு இருக்கிறது, கோபப்படாதே. ஒளித்துவைத்த வாசல், குனிய வைக்கும் நடை, இருட்டு, பிறகு மேலிருந்து வெளிச்சம், நடுவில் கல். இதை வாசகசாலை என்று நீயும் நானும் மட்டும்தான் நினைத்தோம். கணப்பின் இடத்தில் பாறை என்றாய். ஞானம் அதன்மேல் நெருப்பையும் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

சபையில் முறுமுறுப்பு வந்தது. பொதுக் கட்டடத்தில் ஒரு பக்கம் மட்டும் எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சமநிலைக்காகப் பாறையின் மறுபக்கம் ஒரு சிலுவை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் பாறையே வேண்டாம், உடைத்துவிடலாம் என்று இன்னொருவர். உத்திரம் பாறையில் நிற்கிறது, உடைத்தால் கூரை இறங்கும் என்றேன். அதைச் சுற்றி நான்கு சுவர் எழுப்பிக் கதவு போட்டுப் பூட்டிவிடலாம் என்று கபிரியேல் சொன்னான். நடுவில் ஒரு கல், சுற்றி நான்கு சுவர், பூட்டிய கதவு. அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு, கருவறை என்று நான் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான்.

போன வாரம் கமிட்டி கூடிற்று. எல்லோரும் பாறையைச் சுற்றித்தான் உட்கார்ந்தோம். ஞானத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். கல்தச்சர் யாரும் வரவில்லை, உளி மழுங்கவில்லை, காய்ச்சலும் இல்லை, என் தாத்தா இந்தப் பக்கம் வந்ததே இல்லை, அவர் தேங்காய்ப்பட்டணத்தில் கருவாடு விற்றவர், எல்லாம் நான் இட்டுக்கட்டியது என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாயிற்று. அது கொஞ்ச நேரம்தான்.

பகவதியப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘ஓய், பத்திரம் முடிஞ்சா முடிஞ்சது, மாத்தி எழுதப்பிடாதுன்னு எங்களுக்குப் படிப்பிச்சது நீருதானே? இப்ப சபைக்காரங்க நெருக்குனதும் மாத்திப் பறையிறீரு’ என்றார். இல்லை என்று மறுத்தேன். அப்போது கபிரியேல், ‘பொய்யின்னா செரி. பின்ன எதுக்கு ஓய் நீரே செருப்ப வெளிய ஊரி வச்சிட்டு வந்தீரு?’ என்று கேட்டான். காலைப் பார்த்தேன். வெறுங்கால். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. ராஜகுமார், நான் நாற்பது வருடம் சாட்சிகளைப் பார்த்தவன். ஒரு சாட்சி இப்படித் தன் காலாலேயே கவிழ்ந்ததை நான் கண்டதில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். ஞானம் மட்டும் சிரிக்கவில்லை. ‘ராஜையண்ணே, நீங்க பொய்யின்னு நெனச்சுத்தான் சொல்லியிருப்பிய. அது உங்க வாயில வந்து விழுந்தது ஏன்? நூறு பொய் இருக்கே, இது ஏன் வந்தது? எங்க அண்ணன் நெஞ்சப் பொளந்து போட்டு மணிக்கூர் கணக்கா கெடந்தாரு. அன்னைக்கு எனக்குப் போக ஒரு எடம் வேணும். நான் எங்க போவேன்? நீங்க அன்னைக்கு எங்க நின்னிய?’ என்று கேட்டாள்.

அன்றைக்கு நான் மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் நின்று சாந்து சுரண்டியதற்காகக் கொத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பாறையில் யாரும் உட்காரக் கூடாது என்பது இப்போதைய நிலை. புத்தக அலமாரிகள் வந்து சேர்ந்துவிட்டன. சுவரோரமாக, துணி சுற்றியபடி, திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகள்போல நிற்கின்றன. திறப்பு விழா தள்ளிப்போயிருக்கிறது.

நீ உன் நிலத்தைக் கொடுத்தாய். உன் படத்தைக் கொடுத்தாய். ஒன்றை மட்டும் என்னிடம் கேட்டாய், பாறையைத் தொடவிடாதே என்று. தொடவிடவில்லை. இப்போது யாராலும் தொட முடியாது. என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. நல்ல சொற்களாகத் தேடி எழுது.

ராஜையன்


நெடுவரம்புவிளை,
11 ஜூன் 2024

அன்புள்ள ராஜகுமாருக்கு,

உன் கடிதத்தில் திட்டு இல்லை. ‘ஞானத்தை ஒன்றும் சொல்லாதே’ என்று ஒரே வரி. அதற்குக் கீழே உன் நெஞ்சில் ஒரு வால்வு ஒழுகுகிறது, மறுபடியும் திறக்க வேண்டுமாம் என்று, கூரை ஒழுகுவதை எழுதுவதுபோல எழுதியிருக்கிறாய். அபிதாவிடம் கேட்டேன். இந்த முறை முன்னைப்போல அவ்வளவு எளிதில்லை என்று மருத்துவர்கள் சொன்னதாக அழாமல் சொன்னாள். அழாமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞானத்திடம் நான் சொல்லவில்லை. அவளே தெரிந்துகொண்டாள். இப்போது இரண்டு நேரமும் விளக்கு.

ஊர்ச் செய்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்க முடியாது, சொல்கிறேன். மழை தொடங்கிவிட்டது. கூரை ஒழுகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் உன் இறவாரத்தின் கீழ் இடத்தகராறு. நேசபாய்க்கு முழங்காலில் ஊசி போட்டார்கள், பரவாயில்லை. அபிதாவுக்கு நேந்திரங்காய் வற்றல் கொடுத்தனுப்ப ஆள் பார்க்கிறோம்.

கமிட்டி மறுபடி கூடிற்று. பாறை விஷயத்துக்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும் என்று எல்லோரும் கோபமாக வந்தார்கள். சத்தம் ஏறிக்கொண்டே போனது. அப்போது பகவதியப்பன் கையை உயர்த்தி, ‘ராஜகுமாருக்க ஆப்பரேசன் முடியட்டும். அதுக்குப் பொறவு பாத்துக்கிடலாம்’ என்றார். மனிதாபிமானத்தோடுதான் சொன்னார். உடனே சத்தம் அடங்கியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. இந்தக் கமிட்டியில் மூச்சுவிடாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அது. செயலாளர் என்ற முறையில் நான் எழுத உட்கார்ந்தேன். ‘மேற்படி பாறை குறித்த முடிவு, ராஜகுமார் அவர்களின் சிகிச்சை முடிந்தபின், அதன் விளைவைப் பொறுத்து’ என்பது வரை எழுதினேன். என் தொழிலில் எத்தனையோ வாசகங்கள் எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை நின்றது இதற்குத்தான்.

விளைவு இரண்டு விதமாக இருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ பிழைத்தால் அது காய்ச்சலம்மை. நீ வரைந்தது கோயில். மற்ற விளைவில் அது வெறும் பாறை. யாரும் விளக்கு வைக்கமாட்டார்கள். மஞ்சளைக் கழுவிவிடலாம். அலமாரிகளைப் பிரிக்கலாம். பிள்ளைகள் ஏறி உட்காரலாம். நீ வரைந்தது வரைந்தபடி, எல்லாம் சரியாக.

ஒரு நொடி என் மனம் அந்தச் சரியைப் பார்த்துவிட்டது, மக்கா. ஒரு நொடிதான். பேனாவை மூடினேன். ‘அதன் விளைவைப் பொறுத்து’ என்பதை அடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வாசகசாலை வேண்டாம்.

இதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் உன் நெஞ்சு மறுபடி திறக்கப்படும்போது இங்கே என் நெஞ்சில் இருந்ததும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டது. நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றால் உனக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும். அதற்கு நீ இருக்க வேண்டும்.

கூட்டத்திலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். நல்லெண்ணெய் வாங்கினேன். பிறகு வாசகசாலைக்குப் போனேன். குனிந்து நடையைக் கடந்தேன். ஞானம் இருந்தாள். பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கி விளக்கில் ஊற்றினாள். திரியைத் தூண்டிவிட்டு, நான் நிற்க இடம்விட்டு நகர்ந்துகொண்டாள். அந்த அம்மையை உண்டாக்கியவன் நான். அவளுக்குத் தாத்தா வகையில் ஒரு கதையும், ஒரு பாலினமும், ஒரு செருப்புச் சட்டமும் கொடுத்தவன் நான். அவளிடம் நான் என்ன சொல்லிக் கேட்பது? அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். அதனால் ஒன்றும் கேட்காமல் நின்றேன். மேலே கண்ணாடியில் மழை விழுந்தது, அதன் நிழல் பாறையின்மேல் ஓடிற்று. நல்ல கட்டடம், ராஜகுமார். என்னவாக இருந்தாலும் நல்ல கட்டடம்.

வீட்டுக்கு வந்ததும் நேசபாய்க்கு என் கையிலிருந்து எண்ணெய் வாசம் அடித்திருக்க வேண்டும். சபையில் ஜெபக் குறிப்புச் சீட்டில் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். ‘சோப்பு அங்ஙன இருக்கு’ என்று மட்டும் சொன்னாள். இருபத்தைந்து வருடமாக என் அவிசுவாசத்துக்காக அழுதவள். இப்போது நான் விசுவாசிக்கத் தொடங்கியது தப்பான இடத்தில் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகச் சண்டை போடவில்லை.

அடுத்த நாள் ஞானத்திடம் ஒன்று கேட்டேன். பாறையில் யாருமே உட்காரக் கூடாதா என்று. யோசித்தாள். ‘அண்ணன் உக்காரலாம். அவருக்கு உசுரு குடுத்தது அவதானே. பெத்த பிள்ள மடியில ஏறுனா அம்மைக்குக் கோவமா வரும்?’ என்றாள். அவள் சொன்னதை நான் பகவதியப்பனிடம் சொன்னேன், கபிரியேலிடம் சொன்னேன், போதகரிடமும் சொன்னேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் இந்த ஊரில் நீதான். நீ ஊரில் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே நீ வர வேண்டும். வந்து, அந்தப் பாறையில் ஏறி, ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க உட்கார வேண்டும். நீ இறங்கியபின் அடுத்து யாராவது ஒரு பிள்ளை ஏறும். ஞானம் அதைத் தடுக்கமாட்டாள். அதற்குப் பிறகும் ஒரு மூலையில் விளக்கு எரிந்தால் எரியட்டும். படிக்க வெளிச்சம் வேண்டும்தானே. நான் சொல்லி நம்பாதவர்கள் நீ உட்கார்ந்தால் நம்புவார்கள். என் பொய்யை மெய்யாக்கியவன் நீ. அதை மறுபடியும் கதையாக்க உன்னால்தான் முடியும்.

மேற்குச் சுவரைக் கொத்தனார் சரிசெய்துவிட்டார். நீ எந்த நேரத்தில் வந்தும் பார்க்கலாம்.

மருத்துவர் சொல்வதைக் கேள். கூரைச் சரிவைப் பற்றி அவரோடு பேசாதே. உனக்கு மயக்க மருந்து கொடுக்கும் நேரம் இங்கே இரவு என்று அபிதா சொன்னாள். ஞானம், நேசபாய், நான் மூன்று பேரும் விழித்திருப்போம், ஆளுக்கொரு இடத்தில். உனக்கு யார்மீதும் நம்பிக்கை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நீ கவலைப்படாதே, அந்த வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இந்தக் கடிதத்துக்கு நீயே பதில் எழுது. கை நடுங்கினாலும், எழுத்து கோணினாலும், இரண்டே வார்த்தை என்றாலும் சரி. அபிதா எழுத வேண்டாம்.

உன்
ராஜையன்